பழவேற்காட்டில் மட்டும் எழும்பாத மிஷின்

ஜலீலுக்குப் பொன்னேரி பஸ் என்றாலே அலுத்துவிட்டது. மடியில் ஒரு கம்ப்யூட்டர் வேறு. மடிக்கிற வகை என்று பெயர்தான், தூக்கினால் தோள் கழன்றது. 1989-இல் பழவேற்காட்டு இறால் கம்பெனி வாங்கிய மிஷின் அது. கம்பெனியின் கணக்கு புரோகிராம் யூனிக்ஸில்தான் ஓடும். மிஷினில் இருந்த டாஸ் சிஸ்டத்தை எடுத்துவிட்டு யூனிக்ஸ் ஏற்றும் வேலை, மெட்ராஸ் கடையில் டெக்னீஷியனாக இருந்த ஜலீல் தலையில் விழுந்தது. ஊர்க்காரன்தானே, சுமக்கட்டும் என்று விட்டார்கள்.

மெட்ராஸில் மிஷின் சமர்த்தாக எழும்பும். சாயங்காலம் கம்பெனியில் போட்டுக் காட்டினாலும் எழும்பும். மறுநாள் காலை மானேஜர் மூர்த்தி சுவிட்சைத் தட்டினால், சிஸ்டம் இல்லை என்று நின்றுவிடும். மறுபடி பஸ், மறுபடி ரயில்.

அந்த மாதம்தான் ஜலீலுக்கு வேலை நிரந்தரமாக வேண்டும். நிரந்தரமாகிவிட்டால் மனைவி மஸூதாவோடு மெட்ராஸிலேயே குடியேறிவிடலாம், இந்த அலைச்சல் ஒழியும். மூர்த்தியோ, "எவனோ மிஷின்ல கை வெக்கிறான். ஆளு தெரிஞ்சா அன்னிக்கே சீட்டக் கிழிச்சிடுவேன்" என்று கத்திக்கொண்டிருந்தார்.

ஒரு சாயங்காலம் மிஷினை இறக்கிவிட்டு, எழுந்து நடக்கத் தெம்பில்லாமல் ஜலீல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டான். மூர்த்தி கிளம்பியதும் வாட்ச்மேன் தானியேல் பூட்ட வந்தார். கடலில் மீன்பிடித்துத் தோள்பட்டை போனபின் இந்த வேலைக்கு வந்தவர். ஒரு காலி பிளாப்பியை எடுத்து மிஷினில் பதமாகச் செருகினார்.

"இன்னாண்ணே பண்றீங்க?"

"உப்புக் காத்து நைனா. தொறந்த வாயோட வுட்டா உள்ள துரு ஏறிடும். மெட்ராஸுக்கு உங்கையில கட்டிக் குடுக்கறப்ப எடுத்துடுவேன்."

ஜலீலுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மிஷின் கண் விழித்ததும் முதலில் பிளாப்பியைத்தான் பார்க்கும். அதில் ஒன்றுமில்லை என்றால் அங்கேயே நின்றுவிடும். பிளாப்பியே இல்லாவிட்டால்தான் யூனிக்ஸ் இருக்கும் உள் டிஸ்க்குக்குப் போகும்.

தானியேலிடம் சொன்னால் மனுஷர் நேரே போய் மூர்த்தியிடம் ஒப்புக்கொண்டுவிடுவார், அப்படிப்பட்ட ஆள். ஜலீல் மிஷினின் செட்டப்பில் புகுந்து, உள் டிஸ்க்கை முதலிலும் பிளாப்பியை அடுத்தும் பார்க்கும்படி வரிசையை மாற்றி வைத்தான். பிளாப்பி உள்ளே இருக்கும்போதே யூனிக்ஸ் எழும்பியது.

காலையில் மிஷின் எழும்பியும் மூர்த்தி ஜலீலை விடவில்லை. "இத்தினி நாளா இன்னாதான்யா கோளாறு?"

"செட்டப்புல வரிசைய மாத்தாம வுட்டது நான்தான் சார்."

மூர்த்தி அங்கேயே மெட்ராஸுக்குப் போன் போட்டு, இனி வேறு ஆளை அனுப்பச் சொன்னார். நிரந்தரம் என்ற பேச்சு அதோடு போயிற்று.

வாசல்வரை வந்த தானியேலுக்கு நிஜமாகவே வருத்தம். "வேலைய நல்லா கத்துக்கினு செய்யணும் நைனா. நான் மட்டும் தெனம் மூடி வெக்கலன்னா மிஷின் இன்னா ஆயிருக்கும்?"

ஜலீலுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. என்னவோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, "ஆமாண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தான்.