கரிசலில் கட்டிய தொட்டி

சோழபுரத்து முத்துவீரனை வேலி போடக் கூப்பிட்டால், முதலில் மண்ணைத்தான் பார்ப்பார். ஒரு கை மண்ணை அள்ளித் தண்ணீர் தெளித்து உருட்டுவார். விரலிடுக்கில் பிதுக்கிப் பார்த்துவிட்டு, "இது பிடிக்கும்" என்றோ, "இது தள்ளும்" என்றோ ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லுவார். அடுத்தது கிணறு. தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்புவார். இந்த இரண்டும் முடிகிற வரைக்கும் தோட்டக்காரர் எத்தனை பெரிய மனிதரானாலும் பதில் கிடைக்காது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் அவருக்கு ஏக கிராக்கி. அதுவரை வேலி என்றால் அந்தப் பக்கமெல்லாம் சப்பாத்திக்கள்ளிதான். யாரும் நட வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆள் உயரத்துக்குத் தானாக நிற்கும். அதன்மேல் பஞ்சு ஒட்டியதுபோல ஒரு வெள்ளைப் பூச்சி வந்து உட்கார்ந்தது. நசுக்கினால் ரத்தச் சிவப்பு. இரண்டு மூன்று வருஷத்தில் கள்ளியெல்லாம் அழுகிச் சரிந்தது. தலைமுறையாக வேலியைப் பற்றி யோசித்தே இராத சம்சாரிகள், பருத்திக்குள் ஆடு புகுந்த பிறகு முத்துவீரனைத் தேடி ஓடி வந்தார்கள்.

அவர் கணக்கு எளிது. மலையடிவாரத்துச் செவல் மண்ணுக்கு, ஊன்றினால் துளிர்த்து வேலியாகும் கிளுவைக் குச்சி. வெட்டிய குச்சியை ஒரு வாரம் நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்தபின் ஐப்பசி மழைக்கு முன்னால் ஊன்றிவிட வேண்டும். மழை விழுந்தபின் ஊன்றினால் அழுகும். கரிசலுக்கு இலந்தை முள்ளை வெட்டி அடைப்பதே மேல். ராஜபாளையத்துப் பண்ணைக்காரர் ஒருவர், பட்டணத்தில் பார்த்துவிட்டு வந்து, கரிசலில் கல்தூண் நட்டுக் கம்பி கட்டச் சொன்னார். "ஒரு மழைக்குத் தாங்காது" என்று சொல்லிவிட்டு முத்துவீரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வேறு ஆள் நட்ட அந்தத் தூண்கள், மறு கார்த்திகையில் சந்தைக்குப் போய்த் திரும்புகிற குடிகாரர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நின்றன. கரிசல் வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் உப்பித் தூக்கும். அதன்மேல் எதைக் கட்டினாலும் நிலைக்காது. மாட்டுத் தண்ணீர்த் தொட்டியும் அப்படித்தான். இதையெல்லாம் ஊருக்குச் சொன்ன மனிதர் செய்த காரியத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

அவர் மனைவி வெள்ளைத்தாய் மம்சாபுரத்துக்காரி. மலைத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். சோழபுரத்துக்கு வாழ வந்த மறுநாளே, "ஒங்க ஊர்த் தண்ணில பருப்பே வேக மாட்டேங்கு. மனுசி எப்படி வேவா?" என்றாள். அதைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரைக்கும் கேட்டது. அதன்பிறகு மலையடிவாரத்தில் வேலை முடித்துத் திரும்பும்போதெல்லாம் ஒரு தோண்டித் தண்ணீர் தோளில் ஏறி வரும். ஊர் கேலி பேசியது. பேசட்டுமே! அவருக்கு அவள்மேல் அப்படி ஒரு ஆசை.

முதல் பிரசவம் தாய்வீட்டில். ஒன்பதாம் மாதம் பிறந்ததும் கிளம்பியிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு தோட்டத்துக்கு வெட்டிய கிளுவைக் குச்சி காய்ந்து தயாராகக் கிடந்தது. "நாலு நாள் பொறு தாயி. மழைக்கு முந்தி ஊனிட்டு வந்துருதேன்" என்றார். அவளும் சரியென்றாள். குச்சி ஊன்றி முடிந்தது. மழையும் வந்தது.

ஐந்தாம் நாள் மழை விட்டு வானம் வெறித்ததும் வண்டி கட்டினார்கள். ராஜபாளையம் போய்ச் சேருமுன்பே, கரிசல் பாதையில் சக்கரம் அச்சுவரை இறங்கிவிட்டது. மாடுகள் இழுத்து இழுத்து மண்டியிட்டன. வண்டிக்குள் அவளுக்கு வலி கண்டது. "ஒரு வாய் தண்ணி" என்றாள். பக்கத்தில் இருந்த ஒரே கிணறு உவர்க் கிணறு. அவர் பனையோலைப் பட்டையில் கொண்டுவந்ததை வாயில் வைத்தவள் துப்பிவிட்டாள். நல்ல தண்ணீர்க் கிணறு அரை மைலில். அவர் ஓடிப்போய்த் திரும்பியபோது அவளுக்குத் தண்ணீர் வேண்டியிருக்கவில்லை. பிள்ளை பிறக்கவேயில்லை.

வயிற்றுச் சுமையோடு போனவளுக்குச் சுமைதாங்கிக் கல் நட வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். தலைச்சுமையோடு போகிறவர்கள் அதில் சுமையை இறக்கி வைத்து ஆறினால், செத்தவளின் சுமையும் இறங்கும் என்பார்கள். வசதி உள்ளவர்கள் பக்கத்திலேயே மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியும் கட்டுவார்கள். முத்துவீரன் இரண்டையும் செய்வதென்று முடிவெடுத்தார்.

மாமியார் இசக்கியம்மாள், "நம்ம புஞ்சையில கெட்டும் மாப்ள. செவல் மண்ணு, பக்கத்துல நல்ல தண்ணி, மாடு போற பாதை. வேற என்ன வேணும்?" என்றாள்.

"அவ தண்ணி கேட்டது அங்கன இல்ல அத்தை" என்றார் அவர்.

கரிசலிலேயே கட்டினார். செங்கல்லும் சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்துக் கைவேலையெல்லாம் காட்டிக் கட்டினார். அரை மைலிலிருந்து காவடியில் தண்ணீர் சுமந்து நிரப்பினார். சித்திரை வெயிலில் அடியில் விரிந்தது. மறுவருஷம் இடுப்பளவு தோண்டிச் சரளை கொட்டிக் கட்டினார். அதுவும் விரிந்தது. இன்னொரு வருஷம் ஒற்றைக் கல்லில் குடைந்த தொட்டியை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். அது விரியவில்லை, சாய்ந்து படுத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டது. பழையபடி செங்கல்லுக்கே திரும்பினார். சுமைதாங்கியும் சாய, ஒவ்வொரு தையிலும் நிமிர்த்தினார். வேலிக்காரருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றது ஊர். பேதலிக்கவில்லை. விரிசலில் சாந்து பூசிக்கொண்டே அவர் அவளிடம் பேசுவார். யார் வீட்டில் கல்யாணம், எந்தக் கிணறு வற்றியது, எல்லாம் சொல்லுவார். வருஷத்தில் அந்தப் பத்துப் பன்னிரண்டு நாள்தான் அவருக்கு வாழ்ந்த நாள். வேறு கல்யாணம் பேச வந்தவர்களிடம் மண் பார்க்கப் போக வேண்டும் என்று சொல்லி எழுந்துவிடுவார்.

இசக்கியம்மாளுக்கு மட்டும் தாங்கவில்லை. "கனவுல வயித்தத் தூக்கிக்கிட்டு நடையில வந்து நிக்கா மாப்ள. உக்காருட்டின்னா உக்கார மாட்டேங்கா. எம்புட்டு வருசந்தான் அவ சுமப்பா?" என்று அவர் மம்சாபுரம் போகும் ஒவ்வொரு முறையும் அழுவாள். அவர் குனிந்தபடி கேட்டுக்கொண்டு திரும்பிவிடுவார்.

பதினோராம் வருஷம் பங்குனியில், மாடு மேய்க்கிற பால்பாண்டி அவர் வீட்டு வாசலுக்கே வந்து நின்றான்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடக் கூடாது. ஒம்ம தொட்டியத் தூரத்துல பாத்ததும் மாடெல்லாம் ஓடுது. போயிக் காஞ்ச காரையை நக்குது. இன்னைக்கு ஒரு சினை மாடு, அடிச்சாலும் நகர மாட்டேங்கு. தண்ணி இல்லாத எடத்துல தொட்டி எதுக்கு? வாயில்லாச் சீவன ஏமாத்துறதுக்கா?"

முத்துவீரன் காவடியை எடுத்துக்கொண்டு ஓடினார். அன்று சாயங்காலம்வரை சுமந்தார். மாடு குடித்தது. மறுநாள் காலையில் தொட்டியை இடித்தார். உடையாத செங்கல்லையும் சுமைதாங்கியின் மூன்று கல்லையும் வண்டியில் ஏற்றி மம்சாபுரத்துக்கு ஓட்டினார். இடித்த பள்ளத்தை ஒரு மழை மூடிவிட்டது. அந்த இடம் எதுவென்று இனி யாருக்கும் தெரியாது.

செவல் மண்ணில் அவருக்கு அது ஒன்பது நாள் வேலை. மண்வெட்டி இரண்டு முழத்திலேயே பாறையில் மோதியது. அதன்மேல் தொட்டி எழுந்தது. சுற்றிலும் மாடு நுழைய வழிவிட்டுக் கிளுவை ஊன்றினார். சுமைதாங்கி இம்மியும் பிசகாமல் நின்றது.

ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. கார்த்திகையில் சாந்துச் சட்டியும் கரண்டியுமாக முத்துவீரன் மம்சாபுரம் வந்தார். தொட்டி நிறையத் தண்ணீர். இரண்டு மாடுகள் குடித்துக்கொண்டிருந்தன. அவர் சட்டியை இறக்கிவைத்து, தொட்டிச் சுவரின் ஒரு முனையிலிருந்து விரலால் தடவிக்கொண்டே போனார். மறுமுனை வந்தது. ஒரு மயிரிழை விரிசல்கூட இல்லை. குனிந்து அடிப்பக்கம் தடவினார். அங்கேயும் இல்லை.

இசக்கியம்மாள் வரப்பில் ஓட்டமும் நடையுமாக வந்தாள். அத்தனை வருஷத்தில் அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் பார்த்ததில்லை.

"எறக்கி வச்சுட்டா மாப்ள! நேத்து வந்தா. வயிறு ஒட்டிக் கெடக்கு. கைய வீசிக்கிட்டு, கொமரியில நடப்பாளே, அப்படி நடந்து போறா. நடையில நிக்கவே இல்ல. இனிம வர மாட்டாய்யா எம் மவ. நீரு நல்லா இருக்கணும்."

ஒரு கனவில்கூட அவள் அவரிடம் வந்ததில்லை. அதை யாரிடமும் அவர் சொன்னதில்லை.

"அத்தை, என்னையப் பத்தி ஏதும் கேட்டாளா?"

இசக்கியம்மாளுக்குப் பொய் சொல்ல வராது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "இல்லையே மாப்ள" என்றாள். பிறகு, "வாரும், வீட்டுக்குப் போவோம். சோறு ஆறுது" என்று அவர் கையைப் பிடித்தாள்.

"செத்த இரும் அத்தை. இன்னொரு தடவ பாத்துட்டு வாரேன்" என்று கையை விடுவித்துக்கொண்டு, அவர் மறுபடியும் சுவரின் முதல் முனைக்குப் போனார்.