மூன்று மாடல்களிலும் இல்லாத கதவு

பிரசவ விடுப்பு முடிந்து நான் மறுபடியும் வேலைக்கு உட்கார்ந்தது கொல்லங்கோட்டில், எங்கள் வீட்டு மாடி அறையில். கம்பெனி கோயம்புத்தூரில் இருக்கிறது. ஆலை இயந்திரங்களை இயக்கும் மென்பொருளை எழுதித் தருவது எங்கள் தொழில்.

ஒரே இயந்திரத்துக்கு எங்களிடம் மூன்று கணினி மாடல்கள் இருக்கும். மூன்று குழுக்கள் மூன்றையும் தனித்தனியாக வரையும். இயந்திரத்தின் வடிவத்தைக் காட்டுவது ஒன்று. எந்த வயரில் கரண்டு எங்கே போகிறது என்பது இன்னொன்று. எது நடந்தால் எது ஓட வேண்டும், எது நிற்க வேண்டும் என்று மென்பொருளுக்குச் சொல்வது மூன்றாவது. இவை ஒன்றோடொன்று முரண்படாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அதற்கென்று ஒரு சோதனை நிரல் உண்டு. முரண் இருந்தால் திரையில் சிவப்பு, எல்லாம் ஒத்துப்போனால் பச்சை.

பச்சை வந்த பிறகும் நான் ஒருமுறை திறந்து பார்ப்பேன். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பிப் போய்ப் பார்க்கிறவள் நான். மாடியில் இருக்கும்போது கீழே மகள் சத்தம் கேட்கவில்லை என்றால் படிக்கட்டுவரை வந்து காது கொடுத்துவிட்டுப் போவேன். மாமியார் நன்றாகத்தான் பார்த்துக்கொள்வார். இருந்தாலும்.

அந்த வாரம் பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலை பேக்டரிக்கு மென்பொருள் ஏற்ற வேண்டியிருந்தது. பறித்து வந்த இலையை வாட வைக்கும் நீளமான தொட்டி அது. இலை கம்பிவலையின் மேல் பரந்து கிடக்கும். வலைக்கு அடியில் ஓர் அறை. பெரிய காற்றாடி அந்த அறைக்குள் காற்றை அடிக்கும். வலை வழியாகக் கீழே விழும் இலைத்தூளைப் பெருக்க ஆட்கள் அந்த அறைக்குள் குனிந்து போவார்கள். கதவு திறந்திருக்கும்போது காற்றாடி ஓடவே கூடாது. அதைக் கவனிக்கக் கதவில் ஒரு சுவிட்ச் உண்டு. மூன்று மாடல்களிலும் கதவு ஒன்று, சுவிட்ச் ஒன்று. எல்லாம் பச்சை. மறுநாள் காலை ஏற்றுவதாக ஏற்பாடு.

மதியம் சாப்பிடக் கீழே இறங்கினேன். வயலிலிருந்து வந்த கணவர் கைகழுவிக்கொண்டே வெளிக்கேட் சாத்தியாயிற்றா என்று கேட்டார். சாத்தியாயிற்று என்றார் மாமியார். நானும் ஆமாம் என்றேன். அவரும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். சோறு போட்டு உட்கார்ந்த பிறகுதான் குழந்தையைக் காணோம். நடை பழகியே சில நாட்கள்தான் ஆகியிருந்தன. சமையலறை ஓரத்துக் கதவு வழியாக மாட்டுக் கொட்டகைக்குப் போய், பசுவின் காலடியிலிருந்து கொஞ்ச தூரத்தில் வைக்கோலைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மூணு பேரும் கேட்டையே பார்த்துட்டு இருந்திருக்கறோம்" என்றார் கணவர்.

"படிச்சவளும் சேர்ந்துதானே தலையாட்டுனா" என்றார் மாமியார். குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுப் போய் ஓரத்துக் கதவைத் தாழிட்டார்.

மாடிக்கு வந்தும் அது என்னை விடவில்லை. மூன்று பேர் ஒரே பதிலைச் சொன்னோம். அந்தப் பதில் பொய்யுமில்லை. திரையில் மூன்று மாடல்களும் அப்படித்தான் பச்சையாக நின்றன. பேக்டரி டெக்னீசியன் முன்பொரு நாள் வீடியோ அழைப்பில் அந்த அடியறையைக் காட்டியிருந்தார். இருட்டாகத்தான் இருந்தது. ஆனால் காற்றாடிக்கு எதிர்முனையில், தரையோரம், வெயில் விழுந்து கிடந்ததாக எனக்கு ஒரு நினைவு. அல்லது அது டார்ச் வெளிச்சமோ?

மாடல்களின் பழைய பதிப்புகளைத் திறந்து பின்னோக்கிப் போனேன். வடிவ மாடலில் முன்பு இரண்டு கதவுகள் இருந்தன. வயர் மாடலில் ஒன்றுதான். சிவப்பு வந்திருக்கிறது. சிவப்பு வந்தால் கடைசியாகத் திருத்தப்பட்ட மாடலே சரி, மற்றவற்றை அதற்கேற்ப மாற்ற வேண்டும் என்பது எங்கள் கம்பெனி வழக்கம். யாரோ வயர் மாடலில் ஒரு கேபிளின் நீளத்தை மட்டும் திருத்தியிருக்கிறார்கள். அதனால் அது புதியதாகிவிட்டது. வழக்கப்படி வடிவ மாடலிலிருந்த இரண்டாவது கதவு அழிந்துபோனது.

குழுத் தலைவரை அழைத்தேன். கோயம்புத்தூர்க்காரர். வயதில் மூத்தவர். அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

"மூணும் பச்சையா இருக்குது. நீ எதுக்கு அம்மணி கெடந்து மெரள்றே? ராத்திரி பாப்பா தூங்க உடலயா?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்தது. விடுப்பிலிருந்து வந்தவள், எதற்கெடுத்தாலும் பயப்படுகிறாள் என்று பெயராகிவிடும். பேக்டரியில் இலை வந்து குவிகிற காலம். தள்ளிப்போட்டால் பேக்டரிக்காரர்கள் அண்ணாவைத்தான் கேட்பார்கள்.

"மூணும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுதுங்கண்ணா. தொட்டியோட ஒத்துப்போகுதான்னு யாரும் பார்க்கலீங்க" என்றேன். "அங்க ரெண்டாவது கதவு இருந்து, அது தெறந்து கெடந்தா காத்தாடி நிக்காதுங்க. உள்ள ஆள் இருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. டெக்னீசியனையும் அழைப்பில் சேர்த்தார். இளைஞர், அந்த எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். தொட்டியின் கடைசிவரை நடந்துபோய் போனைக் குனிந்து காட்டச் சொன்னேன். அவர் நடந்த அந்தக் கொஞ்ச நேரத்தில், கதவு இல்லாமல் போனால் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

ஒரு தகரக் கதவு. பாதி திறந்திருந்தது, அதில் ஒரு விளக்குமாறு சாய்ந்திருந்தது.

"இந்தா இருக்குல்ல மேடம். பெருக்குறவுக இதுலதான் நுழைவாக. அந்தப் பக்கமிருந்து இம்புட்டுத் தூரம் குனிஞ்சே வரமுடியாதுல்ல" என்றார் அவர்.

"நாளைக்கு ஏத்த வேண்டாம்" என்றார் தலைவர். பேக்டரிக்கு அவரே பேசிக்கொள்வதாகவும் சொன்னார்.

இரண்டாவது கதவு மூன்று மாடல்களுக்கும் திரும்பி வந்தது. அதற்கு சுவிட்ச் வாங்கி மாட்டினார்கள். எந்தக் கதவு திறந்தாலும் காற்றாடி நிற்கும்படி நான் மென்பொருளைத் திருத்தினேன். கடைசித் திருத்தமே சரி என்ற வழக்கத்தையும் விட்டோம். இப்போது சிவப்பு வந்தால், இயந்திரத்தை யார் நேரில் பார்த்தது என்று சொல்லாமல் எதையும் மாற்ற முடியாது. இந்த விதியை எழுதிக் கொடுத்தவள் நான். அதை எழுதும்போது ஒருமுறைகூட அழித்து எழுதவில்லை என்பது எனக்கே ஆச்சரியம்.

மென்பொருள் ஏற்றிய அன்று மகள் என் மடியில் இருந்தாள். போனில் காற்றாடி இரைந்தது. டெக்னீசியன் அந்தத் தகரக் கதவைத் திறந்தார். இரைச்சல் மெல்ல இறங்கி நின்றது. அவருக்குப் பின்னால் பெண்கள் பேசிக்கொள்வது அப்போதுதான் கேட்டது.

இன்னொரு தடவை செய்து காட்டச் சொன்னேன்.

"நம்பிக்கை இல்லையா மேடம்?" என்றார்.

"இருக்குதுங்க" என்றேன். "இருந்தாலும் தெறங்க."