சப்பாத்தைத் தேடிக் கோட்டைக்கு

பிரான்சில் மகள் எடுத்த விடுமுறை வீட்டில் நானும் மனைவியும் அவளோடு ஒரு கிழமை நின்றோம். தினமும் காரில் ஏதாவது ஒரு பழைய ஊருக்குப் போவோம். நாங்கள் குடியிருக்கும் பிராண்டேயில் நான் கடைக்குக்கூட நடப்பதில்லை. அந்தப் பழைய ஊர்களிலோ எல்லாத் தெருவும் கல், எல்லாக் கல்லும் மேடு. ஒரு ஊரில் மலை உச்சியில் கோட்டை நின்றது.

“நான் ஏறமாட்டன் பிள்ளை. கீழ இருக்கிற மாதா கோயில் எனக்குக் காணும்,” என்றேன்.

கோயில் என்றால் கை தானாகச் சப்பாத்தைக் கழற்றிவிடும். படியில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கும்பிட்டு வந்தால், சப்பாத்தைக் காணவில்லை. மகள் வாசலில் நின்ற பெண்ணிடம் விசாரித்தாள்.

“ஆரோ மறந்துபோட்டுப் போனதெண்டு நினைச்சு, தொலைஞ்ச சாமான் வைக்கிற இடத்துக்கு அனுப்பிட்டினமாம், அப்பா.”

“அது எங்கையாம்?”

“மேல, கோட்டை வாசலில. நிண்டுகொள்ளுங்கோ, நான் எடுத்துக்கொண்டு வாறன்.”

“காலை அளந்து பாத்துத்தான் குடுப்பினம். அவரே போகட்டும்,” என்றாள் மனைவி. “நல்லூர்க் கோயிலுக்கு வெறுங்காலோட போன மனிசன்தானே.”

ஏறினேன். அவர்களும் பின்னால் வந்தார்கள். கல் வெயிலில் இதமாகச் சுட்டது. எதிரே வந்த வெள்ளைக்காரர்கள், நேர்த்திக்கடன் என்று நினைத்தார்களோ என்னவோ, மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள்.

சப்பாத்தை வாங்கியதும் மனைவி கேட்டாள்: “அப்ப இறங்குவமோ?”

“இவ்வளவு ஏறியாச்சு. உள்ளுக்கும் பாத்திட்டே போவம்,” என்றேன்.