மாசிக்காய் பூசிய நாக்கு

இந்த நோர்வே நாட்டில் கைக்குழந்தையின் நாக்கையும் அரசாங்கம் பார்க்கும். வெஸ்ட்லியில் எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்துக் கிளினிக்கில், என் மூன்று மாத மகளின் வாயைத் திறந்த தாதி அப்படியே நின்றுவிட்டாள். நாக்கில் மண்ணிறக் கறை. என்ன பூசினீர்கள் என்று கேட்டாள்.

மாசிக்காய்தான். பிள்ளையின் நாக்கில் வெள்ளை படர்ந்திருந்தது. அவித்துக் காயவைத்ததைக் கல்லில் உரைத்துத் தடவியிருந்தேன். யாழ்ப்பாணத்தில் பிள்ளை பெற்ற எந்த வீட்டில் அது இல்லை? இங்கே துரொண்ட்ஹெய்ம் நகரத்தில் இருந்துகொண்டு அதைப் பொதி செய்து அனுப்பியதே என் மாமியார்தான்.

பக்கத்தில் இருந்த என் கணவர், ஏழு வயதிலேயே இங்கே வந்தவர், கைத்தொலைபேசியில் தேடி வாசித்தார். ஓக் மரத்தில் சின்னக் குளவியொன்று முட்டையிட, அந்த இடத்தில் மரம் வீங்கித் திரள்வதுதானாம் மாசிக்காய். காயே இல்லையாம். எனக்கும் அது புதினம்தான். தாதி யன்னலுக்கு வெளியே நின்ற ஓக் மரத்தைக் காட்டினாள். இங்கேயும் இலைகளில் இப்படி உருண்டைகள் வரும், அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் அதில் மை காய்ச்சினார்கள் என்று பெருமையாகச் சொன்னாள். அடுத்த மூச்சில், குழந்தைக்குப் பூச்சியைக் கொடுத்திருக்கிறீர்கள், வீட்டுக்கு வந்து பார்க்கவேண்டியிருக்கும் என்றாள். அவர்கள் தொட்டால் சரித்திரம், நான் தொட்டால் அறியாமை. பிள்ளைக்குக் கூடாதென்றால் கூடாது, விட்டுவிடுகிறேன். அதற்கு வீட்டைச் சோதிப்பானேன்? அரசாங்கம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுமோ என்று அவளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் என் கணவர் சிரித்துக்கொண்டே நொஸ்கில், இந்த நாட்டு மொழியில், சொன்னார்: இவள் ஊரிலிருந்து வந்தவள், சொன்னாலும் விளங்காது, வேண்டாமென்று நான் எத்தனை தரம் சொன்னேன். பச்சைப் பொய். நான் பூசும்போது பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தவரே அவர்தான். பின்னேர மொழி வகுப்புக்கு நான் போய்வருவதை அவர் ஒரு பொருட்டாக எடுத்ததே இல்லை.

நானும் நொஸ்கிலேயே தாதியிடம் சொன்னேன். தட்டுத்தடுமாறித்தான், ஆனால் விளங்கும்படி. "எனக்கு எல்லாம் விளங்குது. தலையைப் பிடிச்சது இவர். சின்னனிலை இவருக்கும் இதைத்தான் பூசினவை."

தாதி அவரைப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்தார். வாய்க்குத் துளிமருந்து எழுதித் தந்தாள். வீட்டுக்கு வருவதை மட்டும் கைவிடவில்லை.

வெளியே வந்ததும் அவர் தமிழுக்கு மாறினார். "அவைக்கு முன்னாலை என்னை ஏன் இப்பிடி..."

தமிழில் பதில் சொன்னால் அழுதுவிடுவேன். எனவே நொஸ்கில் ஏசினேன். இன்றுவரை எங்கள் வீட்டில் சண்டை அப்படித்தான்: நோர்வேயில் வளர்ந்தவர் தமிழில் கெஞ்சுகிறார், ஊரிலிருந்து வந்தவள் நொஸ்கில் கத்துகிறாள். எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் மகள் எங்கள் இருவரின் வாயையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.