கருமாதிக்கு ஒரு நடிகையின் படம்

இன்று கிணத்துக்கடவில், படத்துக்கு பிரேம் போடும் கடையில் நின்றிருந்தேன்.

பக்கத்தில் ஒரு பெண், பத்திரிகையில் கத்தரித்த படமொன்றைக் கடைக்காரரிடம் நீட்டினார். டி.வி. நாடகங்களில் அம்மாவாக வரும் நடிகை. இந்த சினிமா ரசிகர் குழுவில் நானே ‘அழுமூஞ்சி’ என்று கிண்டலடித்தவர்.

“நாளைக்கு எங்கம்மா கருமாதிங்க. அதுக்குள்ள பிரேம் போட்டுக் குடுங்க.”

கடைக்காரர் பதறினார். “ஏனுங்க அம்மணி, இவங்க நடிகையாச்சே. உசிரோட இருக்கறாங்க!”

“தெரியுமுங்க. எங்கம்மாளுக்கு ஒரு போட்டோ கூட இல்லீங்க. காட்டு வேலைக்குப் போறவளை யாருங்க போட்டோ புடிச்சாங்க? நாடகத்துல எல்லாருக்கும் சோறு போட்டுப்போட்டு, இவங்க சட்டியை வழிச்சுத் திங்கறப்ப அப்படியே எங்கம்மாதானுங்க.”

கடைக்காரர் ஸ்கேலை எடுத்தார். படத்தை அளவெடுத்தார்.

வசனமே இல்லாத அந்தச் சட்டி வழிக்கும் காட்சியைப் பார்த்துத்தான் நான் கிண்டலை நிறுத்தினேன். அதன்பிறகு அவருக்காகவே நாடகம் பார்க்கிறேன். அவருக்கு ரசிகர் மன்றம் கிடையாது. எனக்குத் தெரிந்து ரசிகன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.

கட் அவுட்டுக்குப் பால் ஊற்றும் நண்பர்களே, உங்கள் கதாநாயகன் படத்தை யாராவது தங்கள் வீட்டுக் கருமாதியில் வைப்பார்களா? பதில் எழுதுங்கள்.