சீவலப்பேரி ஆற்றுக்குள் நான் குத்திய குண்டூசி

மழைக்காலத்தில் சாலிடர் வைக்கிற வாசம் எங்கேயாவது வந்தால் போதும்... தொண்ணூறுகளின் கடைசியில் பாளையங்கோட்டையில் நாங்கள் இருந்த வாடகை வீட்டு மாடி அறைக்கே போய்விடுவேன்.

என் வீட்டுக்காரருக்கு ஹாம் ரேடியோ பைத்தியம், வீட்டிலிருந்தே கம்பியில்லாமல் ஊர் உலகத்தோடு பேசுகிற பொழுதுபோக்கு. மோர்ஸ் தந்தி மொழி படித்து, பரீட்சை எழுதி, லைசென்ஸ் வந்த அன்று தெருவுக்கே மிட்டாய் கொடுத்தவர். அவர் கூட்டாளி ஆறுமுகம் அண்ணாச்சி. அண்ணாச்சியின் தம்பி துபாயிலிருந்து ஒரு ஜிபிஎஸ் கொண்டுவந்திருந்தார். கையடக்கம் என்று பேர், செங்கல் கனம். மரத்தடியில் நின்றால் ஒன்றும் பிடிக்காது.

அதை வைத்து, வெள்ள நேரத்தில் மீட்கப் போனவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று ரேடியோவிலேயே சொல்லிவிடலாம், அதை அதிகாரிகளுக்குச் செய்து காட்ட வேண்டும்... இதுதான் என் வீட்டுக்காரர் ஆசை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. அவர் மொபெட்டில் ஆற்றங்கரையோரம் போய், பத்து நிமிடத்துக்கொரு தடவை ஜிபிஎஸ் காட்டும் எண்களை ரேடியோவில் சொல்வார். மாடியில் அண்ணாச்சி கேட்டுச் சொல்ல, வரைபடத்தில் குண்டூசி குத்துவது நான். கணக்கு டீச்சர் ஆயிற்றே.

முதல் நாலு ஊசி ரோட்டை விட்டு வயலுக்குள் விழுந்தது. கருவி முன்னே பின்னே காட்டும் என்றார்களே என்று விட்டுவிட்டேன். ஐந்தாவது, சீவலப்பேரியில், நட்ட நடு ஆற்றில்.

ஐப்பசி மாசம். ஆறு கரை தொட்டு ஓடுகிறது. அண்ணாச்சி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார், பதிலே இல்லை.

"ஆத்துக்குள்ளல்லா காட்டுது அண்ணாச்சி... அவுகளுக்கு நீச்சல் தெரியாதே."

"பதறாதிய மதினி. பேட்டரி தீந்திருக்கும்."

நான் எங்கே கேட்டேன்? கட்டியிருந்த சேலையோடு, எண்களை எழுதிய தாளும் கையுமாக டவுன் பஸ் ஏறினேன். சைவ வீட்டில் பிறந்தவள், கிடா வெட்டுவதாகச் சுடலைமாடனுக்கு நேர்ந்துகொண்டே போனேன். (வெட்டவில்லை. பொங்கல் வைத்துச் சமாளித்தேன்.)

இறங்கினால், டீக்கடை பெஞ்சில் மனுஷன் ரசவடை தின்றுகொண்டிருக்கிறார்! பேட்டரி தீர்ந்த ரேடியோ பக்கத்தில் கிடக்கிறது. அத்தனை பேர் முன்னால் ஓவென்று அழுதுவிட்டேன்.

"ஏட்டி, என்னத்துக்கு அழுத? நான் இங்கனதான இருக்கேன்."

என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தார். அட்சரேகையில் கருவி காட்டியது நாற்பத்தேழு புள்ளி ஐம்பது நிமிடம். அதாவது நாற்பத்தேழரை, விநாடிக் கணக்கில் முப்பதுதான். நான் அதை நாற்பத்தேழு நிமிடம், ஐம்பது விநாடி என்று குத்தியிருக்கிறேன். அறுநூறு மீட்டர் தள்ளி! எட்டாம் வகுப்புக்குத் தசமம் நடத்துகிறவள்... நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணாச்சி கேட்டார், "என்ன வே ஆச்சு?"

இவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "கருவி சரியில்ல வே. இத நம்பி ஆள அனுப்ப முடியாது."

அவ்வளவுதான். அண்ணாச்சியின் தம்பி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜிபிஎஸ்ஸைத் திரும்ப வாங்கிப் போனார். செய்து காட்டுகிற திட்டமும் அதோடு போயிற்று. இவருக்கு அது எவ்வளவு பெரிய ஆசை என்று எனக்குத் தெரியும். இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியதில்லை, சண்டையில்கூட.

இப்போது அவர் வாக்கிங் கிளம்பினால் என் போனில் நீலப் புள்ளியும் கூடவே நடக்கிறது. முருகன்குறிச்சி தாண்டிவிட்டாரா, காபிக்கடையில் நிற்கிறாரா, எல்லாம் தெரிகிறது. ஊசியும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். சௌகரியம்தான். ஆனால் அன்று அவரைக் கண்டதும் வந்த அந்த அழுகை... அது இனி வராது.

ஆறுமுகம் அண்ணாச்சி, நீங்களும் இதைப் படிப்பீர்கள். உங்கள் தம்பியிடம் சொல்லிவிடுங்கள். கருவி சரியாகத்தான் காட்டியது. தப்பு என்னுடையது.