அரசாங்கமா, பிரைவேட்டா, மிஸ்?

குடும்ப நல உத்தியோகத்தர் என்பது எங்கள் வேலைக்கு அரசாங்கம் வைத்த பெயர். சாய்ந்தமருதில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை, எல்லோருக்கும் நான் 'மிட்வைப் மிஸ்'தான். வயிறு பார்ப்பது, பிரசர் பார்ப்பது எல்லாம் இந்த வேலையில் பாதி. மீதிப் பாதி, வீட்டுக்கு வீடு ஒரே கேள்விக்குப் பதில் சொல்வது: புள்ளையை அரசாங்க ஆஸ்பத்திரியில் பெறுவதா, பிரைவேட்டிலா? ஆஸ்பத்திரிச் செலவு கட்டும் காப்புறுதி இருக்கும் வீடென்றால் ஒரு தேத்தண்ணியோடு முடியாது, இரண்டாவது தேத்தண்ணியும் வரும். என்னைப்போல ஸ்கூட்டியில் சந்து, ஒழுங்கை என்று திரியும் சகோதரிகளே, உங்களுக்கும் இது பழகிப்போன பாடுதானே? நான் பட்டதில் சிலதைச் சொல்கிறேன்.

மாடி உள்ள ஆஸ்பத்திரி

சுனாமியாய்க் கடல் ஊருக்குள் வந்துபோன அடுத்த மாதம். வயல் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அகதி முகாம். அங்கே பரீனா என்றொரு புள்ளத்தாச்சி, எட்டாம் மாதம். மூத்த மகளைக் கடல் கொண்டுபோயிருந்தது. புருஷன் கொழும்பில் ஒரு கம்பனியில் களஞ்சியம் பார்ப்பவர். பிரசவத்துக்கும் சேர்த்துக் கம்பனியில் காப்புறுதி இருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் எல்லா வசதியும் இருக்கிறது, பிள்ளையும் நல்லபடி திரும்பியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று நான் விளக்கிக்கொண்டே போனேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அங்கே பிரசவ வார்ட் கீழேயா மேலேயா என்று மட்டும் கேட்டாள்.

படித்த காலத்தில் இப்படியொரு கேள்விக்கு எங்களைத் தயார்படுத்தவில்லை. கீழே என்றேன். அதற்குமேல் நான் ஒன்றும் வாதாடவில்லை. அவளுக்குப் பிரசரும் இரத்தத்தில் சீனியும் ஒழுங்காக இருந்தன, முதல் பிரசவமும் சுகமாக நடந்திருந்தது. மெயின் றோட்டில் இருந்த பிரைவேட் ஆஸ்பத்திரிக்கு நானே போய்ப் படியேறிப் பார்த்துவிட்டு வந்து, மாடியில்தான் கட்டில் என்று சொன்னேன். அங்கேயே ஒரு மகளைப் பெற்றாள். பார்க்கப் போனபோது ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் இருந்தாள். தென்னைகளுக்கு மேலால் நீலமாக ஒரு கோடு தெரிந்தது. திரைச்சீலையை இழுத்துவிடட்டுமா என்று கேட்டேன். பரீனா சொன்னாள்: "வேணாம் மிஸ். தெரியட்டும். இஞ்ச ஏறி வர அதுக்கு ஏலாது."

கிளினிக்கில் நௌஷாத்

கடல் வரும்வரை காப்புறுதி ஹலாலா ஹறாமா என்று வாதாடிக்கொண்டிருந்த ஊர், கடல் வந்த பிறகு காப்புறுதி முகவரைத் தேடிப்போனது. எங்கள் பக்கத்துக்கு வந்தவர் நௌஷாத். கழுத்துப்பட்டி கட்டிய மெல்லிய இளைஞர், இனிமையாகக் கதைப்பார். ஒருநாள் ஐந்து மாதப் புள்ளத்தாச்சி ஒருத்தி, போன கிழமைதான் காப்புறுதியில் சேர்ந்திருக்கிறேன், இனி எனக்குத் தனி றூம்தான் என்று கிளினிக்கில் சந்தோஷமாகச் சொன்னாள். வயிற்றில் பிள்ளை வந்த பிறகு சேர்ந்தால் அந்தப் பிரசவத்துக்குக் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. நௌஷாத் மறைக்கவில்லை, அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அடுத்த கிளினிக் நாளில் வாசலில் அவரைப் பிடித்தேன். உள்ளே வந்து எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நான் சொல்வேன், நான் சொன்னால் இவ்வளவு இனிமையாக இருக்காது என்றேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். சுவரோரம் போட்ட நீள வாங்கு நிறைய வயிற்றுப் பெண்கள். எப்போது சேர வேண்டும், எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும், குறைமாதத்தில் பிறந்தால் எது கிடைக்காது என்று எல்லாவற்றையும் சொன்னார். அரசாங்க வார்ட்டில் இருந்தாலும் இருக்கும் நாளுக்குக் காசு தரும் திட்டங்கள் உண்டு என்பதையும் சொன்னார். அது எனக்கே புதிது. அந்த ஐந்து மாதக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கு யாரும் சேரவில்லை. வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறந்தபடி நௌஷாத் சொன்னார்: "இதச் சொன்னா ஆக்கள் சேர மாட்டாங்க மிஸ். சொல்லாட்டி இந்த வாங்குக்கு முன்னால இனி நான் வர ஏலா."

சனிக்கிழமை டொக்டர்

ஜெஸீமா டீச்சர் கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குப் பிறகு உண்டானாள். அவளுடைய மாப்பிள்ளை றிபாஸுக்கு வங்கியில் வேலை, மனைவிக்கும் சேர்த்துக் காப்புறுதி. காத்திருக்க வேண்டிய காலமெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. பாலமுனையிலிருந்து மாமி, றிபாஸின் உம்மா, வந்து, பேரப்பிள்ளை ஏசி றூமில்தான் பிறக்கும் என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஜெஸீமாவுக்கும் பிரைவேட்தான் விருப்பம். காரணம் ஏசி அல்ல. அங்கே சனி ஞாயிறில் கொழும்பிலிருந்து ஒரு லேடி டொக்டர் வந்துபோவார். ஆண் டொக்டர் முன்னால் படுப்பதை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது. அரசாங்க லேபர் றூமுக்குள் உம்மாவையும் விடமாட்டார்கள். அவள் சொன்னதில் எதையும் நான் சின்ன விஷயம் என்று தள்ளவில்லை.

ஏழாம் மாதம் கால் வீங்கியது, பிரசர் ஏறத் தொடங்கியது. என்ன நடக்கலாம் என்பதை மறைக்காமல் சொன்னேன். முடிவு உன்னுடையது, ஆனால் அந்த டொக்டரிடமே கேட்டுவிட்டு எடு என்றேன். கேட்கப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அவசரத்துக்கு இங்கே இரத்தம் இருக்கிறதா, குறைமாதக் குழந்தையை வைத்துப் பார்க்க இடம் இருக்கிறதா, கிழமை நாளில் வலி வந்தால் யார் வருவார் என்று பாடம் கேட்பதுபோல நிதானமாகக் கேட்டாள். நல்ல மனுஷி அந்த டொக்டர். இரத்தம் இல்லை, இடமும் இல்லை, கிழமை நாளென்றால் நீங்கள் அரசாங்க ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டிவரும் என்று ஒளிக்காமல் சொன்னார். வெளியே வந்ததும் றிபாஸ், உம்மாவுக்கு என்ன பதில் சொல்வது, காப்புறுதி சும்மா கிடக்கிறதே என்று இழுத்தார். ஜெஸீமா நடுறோட்டில் நின்றுவிட்டாள். "எனக்கு லேடி டொக்டர்தான் விருப்பம். ஆனா புள்ள சனிக்கிழமதான் வரும் எண்டு எனக்கு எழுதித் தர ஒங்களால ஏலுமா?"

ஹர்த்தால் நாள்

அது சண்டைக் காலம். எந்த நாள் கடை திறக்கும், எந்த நாள் றோட்டில் டயர் எரியும் என்று யாருக்கும் தெரியாது. ஜெஸீமாவுக்குத் தலையிடி வந்து கண் மங்கியது ஒரு ஹர்த்தால் நாளில், செவ்வாய்க்கிழமைக் காலையில். றிபாஸ் எனக்குப் போன் எடுத்தார். நான் போய்ப் பிரசர் பார்த்தேன். பார்த்ததை வாயால் சொல்லாமல், வாகனம் எடுங்கள் என்று மட்டும் சொன்னேன். பக்கத்து வீட்டு ஓட்டோக்காரர் ஓட்டோவில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு வந்தார். சோதனைச் சாவடியில் என் சீருடையைப் பார்த்த சிப்பாய் ஒன்றும் கேட்காமல் கையைக் காட்டினான். ஜெஸீமா என் கையைப் பிடித்தபடி கலிமாவைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனவுடன் ஊசி போட்டு, சீசர் ஒப்பரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். எடுத்தது ஆண் டொக்டர்தான். அவர் வருமுன் தாதி ஒருத்தி ஜெஸீமாவின் தலைத்துணியைச் சரிசெய்து விட்டதை அவள் இன்றைக்கும் சொல்வாள். பையன் ஒரு கைக்குள் அடங்கும் அளவு. நேரே குறைமாதப் பிள்ளைகளின் அறைக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். றோட்டுத் திறந்த பிறகு மாமி வந்தார். வார்ட்டில் ஏசி இல்லை, கட்டிலுக்குக் கட்டில் நெருக்கம். பக்கத்துக் கட்டில் பாண்டிருப்புத் தமிழ்ப் பெண்ணின் தாய் நகர்ந்து இடம்கொடுக்க, இருவரும் ஒரே வாங்கில் இருந்தார்கள். என்ன சொல்லப்போகிறாரோ என்று தயங்கிக்கொண்டே பக்கத்தில் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேரனின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு வந்திருந்த மாமி சொன்னார்: "தனி றூம் கேட்டது நான்தானே மிஸ். அல்லாஹ் புள்ளைக்கிக் குடுத்திரிக்கான், கண்ணாடியில."

என் முறை

யுத்தம் முடிந்து றோட்டெல்லாம் திறந்தது. இப்போது மட்டக்களப்பா கொழும்பா என்று கேள்வி இன்னும் நீண்டது. அந்த நேரம் பார்த்து, இனி இல்லை என்று நான் கைவிட்டிருந்த வயதில், நானே உண்டானேன். என் மாப்பிள்ளை ஒரு வாத்தியார். அவருக்கும் காப்புறுதி இருந்தது. கிளினிக்குக்கு வந்த பெண்களெல்லாம் என்னை வாங்கில் இருத்திப் புத்தி சொன்னார்கள். நான் மற்றவர்களுக்குச் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொன்னார்கள், பாதியைப் பிழையாக. என் வயதுக்கு இரத்தமும், பிள்ளையைப் பார்க்க இடமும், எந்த நாளும் டொக்டரும் உள்ள இடந்தான் சரி என்று நான் முடிவெடுத்துவிட்டேன். தனி றூம் இல்லையே என்று கவலைப்பட்ட மாப்பிள்ளைக்கு, வார்ட்டில் இருக்கும் நாளுக்குக் காசு தரும் திட்டத்தைப் பற்றி நௌஷாத்திடம் போய்க் கேட்கச் சொன்னேன்.

லேபர் றூமில் அன்றைக்கு மிட்வைப்பாக இருந்தவள் காரைதீவுப் புஷ்பா. என்னோடு ஒன்றாகப் படித்தவள். வலிக்கு நடுவிலும் எனக்கு வாய் ஓயவில்லை. பிரசர் பார்த்தாயா, பிள்ளையின் இதயத்துடிப்பு எப்படி, டொக்டருக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். புஷ்பா கையுறையைப் போட்டுக்கொண்டு குனிந்து என் முகத்தைப் பார்த்து, ஊரைப்போலவே கூப்பிட்டுச் சொன்னாள்: "மிஸ், ஊருக்குக் கதைச்சது காணும். இனி முக்குங்க."

எந்த ஆஸ்பத்திரி என்று ஊரே கூடி முடிவெடுக்கலாம், காசைக் காப்புறுதி கட்டலாம், முக்குவதற்கு மட்டும் முகவர் கிடையாது.